இரண்டாவது வரி

எனக்குத் தூசி பிடிக்காது. கணினியைக்கூட வாரம் ஒருமுறை திறந்து, உள்ளே இருக்கும் விசிறியை பிரஷ்ஷால் துடைத்துவிடுவேன். பதினோரு வருடப் பழசு இத்தனை நாள் ஓடியதென்றால் அது என் கைவண்ணம்தான் ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதில் இரண்டு ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருந்தன. சுவிட்சைப் போட்டால் திரையில் இரண்டு வரி வரும். முதல் வரி என்னுடையது, இரண்டாவது என் மனைவியுடையது. பத்து நொடிக்குள் கீழே நகர்த்தி அழுத்தாவிட்டால், அதுவாகவே என்னுடையதற்குள் போய்விடும்.

பக்கவாதம் வந்தபின் அவளுக்குப் பேச்சு போயிற்று. தலையாட்டவும் முடியாது. இடது கையில் ஒரு விரல்தான் மிச்சம். அவள் தம்பிதான் அந்த இரண்டாவது சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தான். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினால் கணினி அதைப் படித்துச் சொல்லும். நான்கு வருடமாக அவள் தட்டிச் சேர்த்த சொற்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. "அத்தான், காலையில நீங்கதான் அழுத்திவிடணும். அவ விரலுக்குப் பத்து செகண்டு பத்தாது," என்றான். அழுத்தினேன். சில நாள் மறந்திருப்பேன். கோபமாக இருக்கும் நாட்களில் எனக்கு மறதி அதிகம்.

அவளைக் குளிப்பாட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் நான். ஆனால் அவள் பேச்சில் அதெல்லாம் வராது. வீட்டுக்கு வரும் நர்ஸிடம், "நேத்து முழுக்கத் திருப்பிப் படுக்க வைக்கலை," என்று கணினி சொல்லும். "முதுகுல புண்ணு." "ரெண்டு நாளா மெஷின் போடலை." ஏற்ற இறக்கமே இல்லாத குரல். நான் டம்ளரும் கையுமாக அங்கேயே நிற்பேன். நர்ஸ் ஒரு பார்வை பார்ப்பாள், நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

போன மாதம் அவள் ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருந்தாள், ஒரு நாளைக்கு நாலு சொல்லாக. அவள் தூங்கும்போது படித்தேன். கட்டினவன் படிக்கக் கூடாதா என்ன. "தம்பி, ஞாயித்துக்கெழமை வரும்போது என்னைக் கூட்டிட்டுப் போயிடு. அவர்கிட்ட சொல்லாதே. பயமா இருக்கு." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்கு என்ன செய்வது? பயந்துபோனேன் ஐயா, அதுதான் உண்மை.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொல்லி, பழைய கணினியில் லேசாக ஓடும் புது சிஸ்டம் ஒன்றைப் பென் டிரைவில் வாங்கி வந்தேன். "உள்ள இருக்கறதை முதல்ல காப்பி எடுத்துக்குங்க சார். அழிச்சா திரும்ப வராது," என்றார். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தேன். திருட்டுத்தனம் எதுவும் இல்லை. எதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவது என்று திரை கேட்டது. என்னுடையதையும் காட்டியது, அவளுடையதையும் காட்டியது. அவளுடையதைத் தேர்ந்தெடுத்தேன். காப்பி எடுக்கவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று. அவள் அந்த ஒற்றை விரலால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். விரலில் அடிபட்டுவிடுமே என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான். "பழைய மெஷின் மாப்பிள்ளை, எல்லாம் போயிடுச்சு," என்றேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகு குனிந்து, "எங்கூட வந்துடறியாக்கா?" என்று கேட்டான். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விரல் படபடவென்று அடித்துக்கொண்டது. "பாத்தியா, என்னை விட்டுட்டு வர அவளுக்கு மனசில்லை," என்று நான்தான் அவனுக்கு விளக்கிச் சொன்னேன். நம்பிவிட்டான். ஏதாவது மீட்க முடியுமா பார்க்கிறேன் என்று கணினியைத் தூக்கிக்கொண்டு அவன் அதே கடைக்குப் போனது என் கெட்ட நேரம். கடைக்காரர் பென் டிரைவ் விஷயத்தைச் சொல்லிவிட்டார், அவன் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டான்.

வேண்டுமென்றேதான் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்நெஞ்சக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அழிப்பது பாதியில் இருக்கும்போதே அவளிடம் இரண்டு தடவை கேட்டேன், "வேண்டாம்னா இப்பவே சொல்லிடு, நிறுத்திடறேன்" என்று. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.