லைன் வீட்டு ஏரோப்ளேன்

அந்த டேப்ப மடிச்சி பையில போடுங்க சார். எத்தினி வாட்டி அளந்தாலும் வாசல் அகலமாவாது, றெக்க சுருங்காது. நானும் பாத்தவதான். படுக்க வச்சா வருமா, ஒருக்களிச்சா வருமான்னு கையக் காத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். பீரோவ வெளிய எடுக்கற கத இல்ல இது. இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நிக்குது.

வெட்டறதா? யாரு, நீங்களா? பேச்ச மெதுவா வைங்க. றெக்கைக்கு அடியில பாய் போட்டு ஒருத்தரு படுத்துக்கினு கீறாரே, பாத்தீங்கல்ல, அவருதான் எட்மண்ட், எங்கூட்டுக்காரரு. தூங்கல. செவுத்தப் பாத்துக்கினு கீறாரு. ஈஸ்டரோட இதக் கட்டி முடிச்சாரு, அன்னிலேந்து இதேதான். கஞ்சி குடுத்தா ரெண்டு வாய், அப்பால செவுரு. மனுசன் இப்டியே போயிடுவாரோன்னுதான் புரோக்கர் நாகேஷு கிட்ட சொல்லி உங்கள வர வச்சேன். பெங்களூர்ல ஓட்டல் கட்றாரு, ஹால்ல மேல தொங்க உட ஏதோ தேடறாருன்னான். இது போய்ட்டா இவரு எழுந்து வாசலுக்காவது வருவாருன்னு ஒரு நப்பாச.

ரேட்ட அப்பறம் பேசலாம், இருங்க. இந்தப் பழைய சாமான் கட ஞானம் யாருன்னு ஆண்டர்சன்பேட்டையில விசாரிங்க. கட்டில் விக்க வந்தவன் தலகாணியும் வச்சிட்டுப் போவான். மூணாவதோட பள்ளிக்கூடம் சரி. மிச்சத்த ஊருதான் கன்னத்துல போட்டுச் சொல்லிக் குடுத்திச்சி.

இந்தச் சனியன கொண்டாந்ததும் நான்தான். மைன்ஸ் தொரைங்களோட பழைய க்ளப்பு சாமான ஏலம் உட்டப்ப மொத்தமா எடுத்தேன். ஒடஞ்ச சேரு, சோடா பாட்டிலு, நடுவுல ஒரு காகிதச் சுருளு. பிரிச்சா ஏரோப்ளேனு, எலும்பு எலும்பா, ஆணி ஆணியா வரஞ்சி வச்சிக்கிறான். யுத்தத்துல குண்டு போட்டுதாமே, லங்காஸ்டருன்னு, அது. கடலப் பொட்டலம் மடிக்க ஆவும்னு கொண்டாந்தேன். இவரு கையில மாட்டிச்சி. என் கடைக்கு வந்த அலுமினியச் சட்டி ஒண்ணு மிச்சம் இல்ல, எல்லாம் தட்டித் தகடாக்கிட்டாரு.

பொம்மன்னு நெனச்சிக்காதீங்க. சுவிட்ச் போட்டா நாலு காத்தாடியும் சுத்தும், எல்லாம் பழைய டேப் ரெக்கார்டு மோட்டாரு. சக்கரம் மடங்கி உள்ள போவும். வயிறு தொறந்து குண்டு ஒண்ணொண்ணா உழும். வாலுல துப்பாக்கிக்காரன் குந்தற கூண்டு கீதே, அது கூட திரும்பும். எங்க பாஸ்டரு ஜெபம் பண்ண வந்தவரு ஆமென்னு தலய நிமுத்தனாரு, காத்தாடி பொட்டுனு நெத்தியில போட்டுச்சி. அதுலேந்து வாசல்ல நின்னே ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிடறாரு.

சிரிக்காதீங்க சார். இந்த வீட்ல நான் நிமுந்து நடந்து வருசமாச்சி. எம்பொண்ணு லவினா பெங்களூர்ல கீறா. தங்க மைன்ஸத்தான் மூடிட்டாங்களே, அங்க இன்னாம்மா வேல, வாங்கன்னு கூப்பிட்டுக்கினே கீறா. எப்டிப் போறது? இது வீட்ட உட்டு வராது, அவரு இத உட்டு வர மாட்டாரு, நான் அவர உட்டுப் போவ மாட்டேன்.

செவுர இடிக்கறதா? இது லைன் வீடு, மைன்ஸ் ஆளுங்களுக்கு கம்பெனி வரிசையா கட்டி உட்டது. மைன்ஸ மூடினாலும் செவுரு கம்பெனியுது. கைய வச்சா வீடே போச்சி.

நானும் அவரக் கேட்டேன், கழட்டற மாதிரி செஞ்சா இன்னாய்யா கேடுன்னு. அவரு அண்டர்கிரவுண்ட் ஃபிட்டரா இருந்தவரு. ஆளு எறங்கற லிஃப்ட்டு, கேஜும்பாங்க, அதுல பெரிய பம்பு எதுவும் முழுசா எறங்காது. துண்டு துண்டா எறக்கி, கீழ லெவல்ல வச்சிக் கோத்து, கழட்ட முடியாம ரிவிட் ஆணி அடிச்சிடுவாங்க. அத திரும்ப மேல ஏத்தணும்னு எவனுக்கு கவல? அந்த புத்தியிலயே இதையும் கோத்துட்டாரு. கீழ எறக்கனது கீழயேதான், ஞானம். அவ்ளோதான் சொன்னாரு.

ஏர்ப்ளாஸ்ட்டு தெரியுமா உங்களுக்கு? பெங்களூர்ல எப்டித் தெரியும். பூமிக்குள்ள பாற வெடிச்சி சரியறது. மேல எங்கூட்ல தட்டு ஆடும். ஆடினா பொம்பளைங்க எல்லாம் சாஃப்ட்டு குழி வாயிக்கு ஓடுவோம், யாரு மேல வரான்னு பாக்க. அப்டி ஒரு தபா இவரும் இவரு கூட்டாளி சைலஸும் ஒரு பொந்துல மாட்டிக்கினாங்க. காத்து வர பைப்பு ஒண்ணு கீது, அத கல்லால தட்டிக்கினே இருந்தாராம். அந்தாண்டேந்து தட்டற சத்தம் வந்தா ஆளு வராங்கன்னு அர்த்தம். ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. அப்பால வந்திச்சி. இவரு கேட்டாரு. சைலஸு கேக்கல.

மேல வந்தவரு அப்பறம் கேஜுல ஏறல, பட்டறையில போட்டாங்க. வாயும் மூடிக்கிச்சி. குழம்புல உப்பு இல்லன்னு கூட சண்ட போட மாட்டாரு. சண்ட இல்லாம எனக்கு எப்டிங்க பொழுது போவும்?

சரி, ரிவிட்டுக்கு வரேன். அது ஒராளு வேல இல்ல. வெளிய ஒருத்தரு சுத்தியால அடிச்சா, உள்ள ஒருத்தரு இரும்புக்கட்டிய அண்டக் குடுக்கணும். அவரு கை மொறம் மாதிரி, உள்ள போவாது. என்னுதுதான் போச்சி. கடைய சாத்திட்டு வந்து, முழங்கை வரிக்கும் அது வயித்துக்குள்ள உட்டுக்கினு குந்தினிருப்பேன். ஒரு நாளு வளையல் மாட்டிக்கினு கை வரவே இல்ல. நான் அவரையும் அவரு வம்சத்தையும் திட்டறேன், அவரு சோப்புத் தண்ணிய ஊத்திக்கினே சிரிக்கறாரு. சைலஸுக்கு அப்பறம் அன்னிக்குத்தான் அந்தப் பல்லப் பாத்தேன்.

பேச்சு இல்லியா, தட்டறதுதான் பாஷ. கட்டிய நகத்துன்னு மூணு தட்டுவாரு. வச்சிட்டேன்னு நான் உள்ளேந்து ரெண்டு தட்டுவேன். ஒரு நாளு பக்கத்தூட்டு ஐடா கூப்ட்டான்னு திரும்பினேன், பதில் தட்ட லேட்டாயிடிச்சி. பாத்தா மனுசன் வேர்த்து நனஞ்சி, தகட்டுல காத வச்சிக்கினு நிக்கறாரு. அதுக்கப்பறம் யாரு கூப்ட்டாலும் நான் திரும்பறதில்ல.

ஈஸ்டருக்கு மொத நாளு கடசி தகட்ட மூடினாரு. கடசி ரிவிட்டும் ஆச்சி. பழக்க தோஷம், மூணு தட்டனாரு. என் கை வெளிய மடியில கெடக்குது. உள்ள யாரு கீறா பதிலுக்குத் தட்ட?

உங்கள வரச்சொன்னப்ப விக்கத்தான் சார் நெனச்சேன், சத்தியமா. ஆனா தகடு எவ்ளோ கனம்னு உள்ள வெரலால தட்டிப் பாத்தீங்களே, அப்ப அவரு தலையத் தூக்கினாரு. நீங்க பாக்கல, நான் பாத்தேன்.

அதனால இத எடுக்காதீங்க. உள்ள போயி, இதே மாதிரி இன்னொண்ணு வோணும்னு சொல்லுங்க. சொன்னா போதும், வாங்க வர வோணாம். தகட்டுக்கு நான் சட்டி தேடிக்கறேன். எடமா? சமையல்கட்டுல கோக்கட்டும், நான் அடுப்ப வெளிய போட்டுக்கறேன். மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கடுப்பா வச்சிக்கினு பேசுங்க, வாங்கறவன் சிரிச்சா அவரு நம்ப மாட்டாரு.

அப்பறம் சார், வயிறு இதவிடக் கொஞ்சம் அகலமா வோணும்னு சொல்லிடுங்க. எனக்கு இப்ப கை வீங்குது.