மேல தோட்டத் தெரு, பதினேழு

— இன்னும் எத்தனை படிடி இருக்கு, பட்டாசு?

— அக்கா, இது படிக்கட்டு இல்ல, தெரு. தெருவுக்கே படி வெச்சுக் கட்டியிருக்காங்க இந்த ஊர்ல.

— ஸ்கிரீன்ல இது வெறும் கோடுடி. விரல் நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. இங்க வந்து பாத்தா என் முட்டி ரெண்டும் கழண்டு விழுது. 'அங்கேருந்து இங்க வர ஒம்போது நிமிஷமா?'ன்னு எத்தனை டிரைவருங்கள வறுத்து எடுத்திருக்கேன்!

— திரும்பிப் போனதும் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. சூப்பர்வைசர் மேடம் மன்னிப்புக் கேட்டாங்கன்னா பாதிப் பேர் மயக்கம் போட்டு விழுவாங்க. அதுக்கும் நாமதான் ஆம்புலன்ஸ் அனுப்பணும்.

— வாய மூடிட்டு அந்தத் தண்ணி பாட்டில இப்படிக் குடு. பதினாலு வருஷம்டி! நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏசி ரூம்ல ஒக்காந்து, காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு, இந்த ஊருக்கு ஆம்புலன்ஸ் அனுப்பறேன். சந்து பொந்தெல்லாம் அத்துப்படின்னு பீத்திக்கிட்டு வேற இருந்தேன். கால் வெக்கறது இப்பதான்.

— மணிக்கூண்டு கதைய விட்டுட்டீங்களே. தினம் பத்துப் பேர் 'மணிக்கூண்டுக்கு எதுக்க'ங்கறாங்க. நாமளும் 'சரிங்க, மணிக்கூண்டுக்கு எதுக்க'ன்னு டைப் பண்றோம். போய்ப் பாத்தா அங்க செருப்புக் கடை. மணிக்கூண்ட இடிச்சு இருபது வருஷமாச்சாம்.

— இருபத்தி ரெண்டு.

— பேசிட்டா! அக்கா, கிளி வாயத் தொறந்துட்டா! காலையிலேருந்து இதான் இவளோட மொத வார்த்தை. ஏன்டி, மூணு பேரும் ஒண்ணா லீவு கெடச்சதே பெரிய விஷயம். கோடை வெயில்ல ஜாலியா கருகலாம்னு வந்தா, நீ என்னமோ பரீட்சைக்குப் போறவ மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர.

— விடுடி அவள. அந்த நீலக் கதவு வீட்டப் பாரு. மூணாவது மாடி, பிரசவ வலி, லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்களே, அது இந்த வீடுதானே?

— அதேதான்! நான்தான் எடுத்தேன் அந்தப் போன் கால. லிப்ட்டுக்குள்ளயே பொறந்துச்சு. சத்தியமா, கொழந்த அழுத சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அடுத்த முக்குல ஒரு தாத்தாவும் நாயும். நாய் கடிக்கல, தாத்தா பயந்து ஓடி சாக்கடையில விழுந்தாரு. மத்தவங்க ஊருக்குப் போனா கோட்டை, அரண்மனைன்னு பாப்பாங்க. நாம யார் யார் எங்கெங்க விழுந்தாங்கன்னு பாக்கறோம்.

— அது சரி. மீன் காட்சிசாலைக்கு பஸ் ஸ்டாண்ட் வலது பக்கம்தானே? இவ ஏன் இடது பக்கம் திரும்பறா? ஏய் கிளி!

— நீங்க ரெண்டு பேரும் போங்கக்கா. ஒரு மணி நேரத்துல வந்துடறேன். எனக்கு இங்க ஒரு தெரு பாக்கணும்.

— எந்தத் தெரு?

— உங்களுக்குத் தெரியும்.

— அடிப்பாவி! இதுக்குத்தானா? 'அக்கா, மலை வேணாம், ஊர் பாக்கப் போலாம், மீன் பாக்கப் போலாம்'னு ஆறு மாசமா அரிச்செடுத்தியே, இதுக்குத்தானா?

— என்ன தெரு? எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே தெரியல?

— நீ அப்ப வேலைக்கே சேரல, பட்டாசு. ரெண்டு வருஷம் முன்னாடி. நீ வந்ததும் எனக்குக் கிளின்னு பேர் வெச்சல்ல, ஒரு அட்ரஸ மூணு தடவ திருப்பிச் சொல்றேன்னு? அதுக்கு முன்னாடி நான் அப்படி இல்ல. ஒரு தடவதான் கேப்பேன். ஆபீஸ்லயே நான்தான் வேகம்.

— வேணாம்டி. நடுத் தெருவுல நின்னுக்கிட்டு இதெல்லாம் பேசாத.

— பேசணும்க்கா. அந்தப் போர்ட பாரு, பட்டாசு. இந்தப் பெரிய ரோட்டுக்கு மேற்கால இருக்கறது மேலத் தோட்டத் தெரு. கிழக்கால இருக்கறது கீழத் தோட்டத் தெரு. ரெண்டுலயும் பதினேழாம் நம்பர் இருக்கு. மத்தியானம் ரெண்டு பத்துக்கு ஒரு பொண்ணு கூப்பிட்டா. 'எங்கப்பாவுக்கு மூச்சு விட முடியல. மேல தோட்டத் தெரு, பதினேழு'ன்னா. நான் மேலத் தெருவுக்கு வண்டி அனுப்பினேன். அஞ்சே நிமிஷம். போய்ப் பாத்தா அது பூட்டிக் கெடந்த மரக்கடை.

— அப்ப வீடு?

— கீழத் தெருவுல பதினேழு. மாடி வீடு.

— ஐயோ. 'மேல இருக்கோம், தோட்டத் தெரு'ன்னு சொன்னாங்களா? மாடியில இருக்கோம்னு?

— ஆமா. மாடியச் சொன்னா, நான் திசைய எழுதினேன். 'மேலன்னா மாடியாம்மா, மேலத் தெருவாம்மா'ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சு போச்சு. டிரைவர் அந்த நம்பருக்குப் போட்டுப் போட்டுப் பாத்தாரு, அவ எடுக்கல. பாவம், அப்பாவப் பாப்பாளா, போன எடுப்பாளா? கடைசியில அவளே மறுபடியும் கூப்பிட்டு, வேற ஆள்கிட்ட சரியான தெருவச் சொன்னா. வண்டி போறதுக்குள்ள பத்தொம்போது நிமிஷம் லேட்டு. போயிட்டாரு.

— சூப்பர்வைசர்ங்கற முறையில அந்த டேப்ப நான் நாப்பது தடவ கேட்டேன், பட்டாசு. 'மேல'க்கும் 'தோட்ட'த்துக்கும் நடுவுல ஒரு மூச்சு. அவ்வளவுதான். அத வெச்சு யாராலயும் எதுவும் சொல்ல முடியாது. அதனால 'அழைத்தவர் முகவரியைத் தெளிவாகச் சொல்லவில்லை'ன்னு நானே என் கைப்பட ரிப்போர்ட் எழுதி பைல மூடினேன். இவ வேலையக் காப்பாத்த வேற வழி தெரியல எனக்கு.

— அதுதான்க்கா என்னக் கொல்லுது! தப்பு பண்ணினது நானு, பழி எழுதினது அவங்க மேல. அவங்க வீட்லேருந்து ஒரு புகார் கூட வரல. ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல. வந்து காறித் துப்பியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும்.

— சரி, இப்பப் போய் என்ன சொல்லப் போற?

— நான்தான்னு சொல்லப் போறேன்.

— ஆறின புண்ணக் கீறி விடப் போறியா? அவங்களே மறந்திருப்பாங்க.

— மறந்திருந்தா திரும்பி வந்துடறேன். நீங்க போங்க.

— எங்க போறது? நாங்களும் வரோம். அக்கா, மொறைக்காதீங்க. மீனு எங்கயும் ஓடாது, தொட்டியிலதானே இருக்கு. நடங்க.

— என் முட்டி... சரி, நட. கீழத் தெருன்னு பேரு, இதுலயும் ஏத்தம்தான். எவன்டி இந்த ஊரக் கட்டினான்?

— பதினேழு. இதான். கீழ தச்சுப் பட்டறை. வெளிப்பக்கம் மாடிப்படி. 'இங்கு பெண்கள் உடை தைத்துத் தரப்படும்'.

— கிளி, நான் கதவத் தட்டட்டுமா?

— வேணாம். நானே தட்டறேன்.

— வரேன், வரேன்... துணி குடுக்க வந்தீங்களா? கோச்சுக்காதீங்க, இந்த வாரம் புதுசா எடுக்கல. பாருங்க, பள்ளிக்கூட யூனிபார்ம் எழுபது செட்டு கழுத்த நெரிக்குது.

— துணி தைக்க இல்லைங்க. நான்... உங்ககிட்ட ஒரு விஷயம்... ஒரு நிமிஷம் பேசலாமா?

— இருங்க. திரும்பப் பேசுங்க.

— என்னங்க?

— உங்க குரல். 'பதறாதீங்கம்மா, அப்பாவச் சாய்ச்சு ஒக்கார வைங்க, ஜன்னலத் தெறந்து விடுங்க.' அது நீங்கதானே? ஆம்புலன்ஸ்காரம்மா?

— ஆமாங்க. நான்தாங்க.

— உள்ள வாங்க. மூணு பேரும் வாங்க. அந்தத் துணிய எல்லாம் நகத்திட்டு ஒக்காருங்க, குண்டூசி இருக்கும், பாத்து. பெரியம்மாவுக்கு அந்த நாற்காலியப் போடுங்க, படி ஏறி மூச்சு வாங்குது பாருங்க. தண்ணி எடுத்துட்டு வரேன்.

— தண்ணியெல்லாம் வேணாங்க. சொல்லிட்டுப் போயிடறேன், இல்லைன்னா தைரியம் போயிடும். நீங்க மாடியத்தான் சொன்னீங்க. நான் மேலத் தெருன்னு எழுதிட்டேன். திருப்பிக் கேட்டிருக்கணும், கேக்கல. பத்தொம்போது நிமிஷம். அது என்னால போச்சுங்க. எங்க ஆபீஸ்ல பழிய உங்க மேல போட்டு எழுதிட்டாங்க.

— எழுதினது நானும்மா. இவளுக்கு அதுல பங்கு இல்ல.

— ரெண்டு வருஷமா இத நெனச்சிட்டிருக்கீங்களா?

— சோறு எறங்கலங்க. திங்கக்கெழமை டூட்டிக்குப் போனதும் தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துடறேன். வேலை போனாப் போகட்டும். உங்க பேர்ல அந்த எழுத்து இருக்கக் கூடாது. உங்க வீட்ல யாராவது உங்களக் குத்தம் சொல்லியிருந்தா, அவங்ககிட்டயும் நானே பேசறேன்.

— எழுதிக் குடுக்காதீங்க.

— இல்லைங்க, நான் முடிவு பண்ணிட்டேன்.

— சொன்னாக் கேளுங்கம்மா. எங்கப்பா லாரி ஓட்டினவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்ச கை. அந்த வருஷம் மட்டும் மூணு தடவ ஆஸ்பத்திரியில சேத்தோம். மூணாவது தடவ மூக்குலயும் தொண்டையிலயும் குழாய். புடுங்கிப் புடுங்கிப் போட்டாருன்னு அந்த ரெண்டு கையையும் கட்டில் கம்பியில கட்டிட்டாங்க. பதினோரு நாள். நான் கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்தேன்.

— ஐயோ, பாவம்.

— வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தன்னிக்கு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. 'இனிமே என்னத் தூக்கிட்டுப் போகாதம்மா. இந்த ஜன்னல்கிட்டயே இருந்துக்கறேன்'னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. டாக்டரும் என்னத் தனியாக் கூப்பிட்டு, 'இனி நாள் கணக்குதான்'னு சொல்லிட்டாரு. ஆனா எங்கண்ணன் கேக்கல. அவன் இருக்கறது வெளிநாட்டுல. 'எப்படியாவது காப்பாத்து, எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல'ம்பான். தப்பு சொல்ல முடியாது, பாசம். பக்கத்துல இருந்து பாத்தது நான், பாக்காதவன் அவன்.

— அன்னிக்கு அவர் போன்ல இருந்தாரா?

— இன்னொரு போன்ல, ஸ்பீக்கர்ல. 'ஆம்புலன்ஸக் கூப்பிடு, இப்பவே என் காது கேக்கக் கூப்பிடு'ன்னு கத்தறான். அப்பா என்னையே பாத்துக்கிட்டிருக்காரு, வேணாம்னு தலைய ஆட்டறாரு. நான் உங்களுக்குப் போட்டேன். நீங்க 'அட்ரஸ் சொல்லுங்கம்மா'ன்னீங்க.

— நீங்களும் சரியாத்தான் சொன்னீங்க. நான்தான்...

— அழாதீங்க. உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல. அண்ணன் காதுல மாடின்னு விழணும், உங்க காதுல மேலத் தெருன்னு விழணும்னு, அந்த ஒத்தை வார்த்தைய நான் பொறுக்கித்தான் எடுத்தேன்.