சிவப்பு அட்டை தொங்காத கதவு

வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவராது, சார். கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் முதுகு வலிக்கும்.

இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தேன். ஆட்குறைப்பில் என் பெயரும் வந்தது. மூன்று மாத அறிவிப்புக் காலம், வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் வீடு தேடி வரும் என்றார்கள். நிபந்தனை ஒன்றுதான். அதற்குள் வேறு இடத்தில் வேலை பார்த்தது தெரிந்தால் சம்பளமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. பர்சனல் மேனேஜர் அம்மாள் கடிதத்தில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

இரண்டே வாரத்தில் வீட்டுக் கதவுக் கீல்கள் அத்தனைக்கும் எண்ணெய் போட்டு முடித்துவிட்டேன். என் மனைவி தன் தம்பியிடம் முறையிட்டாள்.

"உங்க மாமாவை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா. நேத்து என் தையல் மிஷினைப் பிரிச்சுப் பரப்பி வச்சிருக்கார்."

"வீட்டுலயே உட்கார்ந்து உன் சமையலைச் சாப்பிட்டார்னா, மாமா ஒருத்தர் ஏறினாலே லிஃப்ட் ஓவர்லோடுன்னு கத்தும்க்கா" என்று சிரித்தான் அவன்.

அவனும் அதே தொழில், வேறு கம்பெனி. அவன் முதலாளி என்னைப் பெயர் எழுதாமல் சேர்த்துக்கொண்டார். நான் பின்படி வழியாக ஏறி மொட்டைமாடி இயந்திர அறையைப் பார்ப்பேன். அவன் கீழே பார்ப்பான். சோதனைத் தாளில் கையெழுத்து அவனுடையது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறைக் கண்டவன் கீழ்த்தளக் கதவில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். உடனே கட்டட மேற்பார்வையாளர் மேலே வந்து கோளாறைத் தன் கண்ணால் பார்ப்பார். அட்டை இல்லையென்றால் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் யாரும் நம்பி இறங்கலாம்.

அந்தப் பதினொரு மாடிக் கட்டடத்தில் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. எண்ணெய்க் கசிவு வேறு. பார்த்த உடனே எனக்குத் தெரியும். சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம், மறுநாள் அவனே கண்டதாக எழுதட்டும் என்று நினைத்தேன். இரண்டு பேருக்கும் நல்லதாகத்தான் யோசித்தேன்.

அப்போது போன் செய்தான். கையில் கிரீஸ் இருந்தால் ஸ்பீக்கரில்தான் பேசுவான்.

"மாமா, பள்ளத்துல தண்ணி நிக்குது. இறங்கித் துடைச்சிடறேன். மேல பிரேக் நல்லாருக்குல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "தம்பி, பல் டாக்டர் ஆறாவது மாடில இருக்கார். இந்த மூட்டு வலியோட நான் எப்படிப் படி ஏறுவேன்?"

"பத்தே நிமிஷம்மா. மேல எங்க மாமா இருக்கார், கில்லாடி."

பர்சனல் மேனேஜர் அம்மாளின் குரல். இருபத்திரண்டு வருடம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா? என் குரலும் அவருக்குத் தெரியும். "வேண்டாம்" என்றால் காரணம் சொல்ல வேண்டும், மேற்பார்வையாளர் மேலே வருவார். அதனால் "ம்" என்றேன். அவ்வளவு சின்னச் சத்தத்தில் யாருக்கும் ஆள் தெரியாது. அவனை இறங்கச் சொன்னதாக மட்டும் எழுதாதீர்கள், சார். நான் அப்படிச் சொல்லவில்லை.

"மெயினை அணைச்சிடுங்க மாமா" என்றான். அணைத்தேன். இனி லிஃப்ட் பெட்டியைப் பிடித்திருப்பது அந்தப் பிரேக் மட்டும்தான். அது நழுவினால் காலிப் பெட்டி மேலே போகும், அதற்கு ஈடாகத் தொங்கும் இரும்புக் கட்டு பள்ளத்தை நோக்கிக் கீழே போகும்.

பிரேக் ஏழு நிமிடம் தாங்கியது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பிறகு சக்கரம் மெல்லச் சுழலத் தொடங்கியது. கத்தியிருக்கலாம். லிஃப்ட் ஓடும் அந்தக் கூண்டுக்குள் கத்தினால் கீழ்த்தளம்வரை தெளிவாகக் கேட்கும்.

பின்படி வழியாக இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். செய்தி வந்தபோது என் மனைவியைக் கீழே விழாமல் தாங்கிப் பிடித்தது நான்தான்.

கையெழுத்து அவனுடையது என்பதால் அவனுடைய கவனக்குறைவு என்று அவன் கம்பெனி எழுதிக்கொடுத்தது. முதலாளி என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. என் மனைவிதான் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "என் தம்பி அசட்டையா இருக்கறவன் இல்லீங்க. நீங்க தொழில் தெரிஞ்சவர். ஒரு வார்த்தை போய்ச் சொல்லுங்களேன்."

"பொறு, சொல்றேன்" என்றேன். சொன்னபடி இன்றைக்கு வந்துவிட்டேன். வாக்குத் தவறுவது என் பழக்கமில்லை.

அன்றைக்கே ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படி வருவது, சார்? அன்றைக்கு என் அறிவிப்புக் காலம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்ததே.