இருமலுக்கு முன்னால் என்ன நடந்தது

சேர்வராயன் மலையில் இருமுவோர் எவரையும் எட்டிப் பார்க்காமல் கடந்தறியாத எங்கள் ஆதரவே! எந்த நாற்காலியிலும் நிலையாய் அமர்ந்தறியாத மருத்துவர் வனிதா அம்மையீர்! நேருக்கு நேர் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவீர்கள். ஆகவே, இந்தப் பாராட்டு மடலை அவையோரை நோக்கிப் படிக்கிறோம், பொறுத்தருள்க.

காப்பிப் பழம் பறிக்கும் பனிக்காலத்தில் நாகலூரில் எங்கள் சிறிய மருத்துவமனை வாசலில் நிற்பவரெல்லாம் இருமுவார்கள். "பனி ஒத்துக்கலைங்க" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அம்மையார் விடமாட்டார். காய்ச்சலா, மூச்சு வாங்குகிறதா, அடுப்புப் புகையா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று துளைத்தெடுப்பார். தானாக ஆறும் சளி இருமல் என்றால் மருந்தில்லாமலே அனுப்பி, வசவும் வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் தலைச்சோலைச் சிவசக்தி, தன் மூன்று வயது மகள் கீர்த்திகாவைத் தூக்கி வந்தார். முந்திய நாள் தொடங்கிய இருமல் விடவேயில்லை. மூக்கு ஒழுகவில்லை, உடம்பு சுடவில்லை. ஆனால் நெஞ்சின் வலப்பக்கம் மூச்சுச் சத்தம் குறைந்திருந்தது. அம்மையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"இருமல் வர்றதுக்கு முன்னால புள்ள என்ன பண்ணிட்டிருந்துச்சு கண்ணு?"

"ஊட்டுல சும்மாதானுங்க இருந்துச்சு."

தாய் தலை நிமிரவில்லை. எங்களில் ஒருவர் மட்டும் உடனிருக்க, அம்மையார் கதவைச் சாத்தினார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன். மூச்சு அடைச்சுப்போனா என்ன பண்ணுவ? சொல்லு."

சிவசக்தி உடைந்து அழுதார். "காப்பி காயப்போடுற களத்துக்குக் கூட்டிட்டுப் போனேனுங்க. கொட்டைய வாயில போட்டுட்டுச் சிரிச்சா. அப்பத்துல இருந்துதானுங்க. புள்ளைங்கள அங்க உடமாட்டாங்க. எஸ்டேட்டுல கணக்கு எழுதுற ரைட்டருக்குத் தெரிஞ்சா வேலை போயிருமுங்க."

உடனே ஆம்புலன்ஸ் கிளம்பியது. கொண்டையூசி வளைவெல்லாம் பிள்ளையை மடியில் நிமிர்த்திப் பிடித்தபடி அம்மையாரும் போனார். சேலத்தில் மூச்சுக்குழாயிலிருந்து கொட்டையை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது.

ஊர் திரும்பிய தாயோ, பயத்தில், "வெறும் சளிதானாமுங்க" என்று சொல்லிவிட்டார். பனி இருமலுக்குச் சேலம் ஓடிய டாக்டர் என்று எஸ்டேட்டே சிரித்தது. வாக்குக் கொடுத்தவர் வாய் திறக்கவில்லை. எங்களையும் திறக்க விடவில்லை.

இன்று இதைப் படிக்கும் துணிவு எங்களுடையதன்று. நேற்று சிவசக்தியே வந்து நின்றார். "என்ற பேரப் போட்டே படிங்க. ரைட்டர் முன்னால உக்காந்திருந்தாலும் சரி. வேலை போனாப் போவுதுங்க."

அம்மையீர்! வாக்கைத் தாங்கள் மீறவில்லை. வாங்கியவரே திருப்பித் தந்துவிட்டார். நல்ல மூச்சோடும் நல்ல உறக்கத்தோடும் நெடுங்காலம் வாழ்வீராக!

இங்ஙனம்,
சிவசக்தி, காப்பித் தோட்டத் தொழிலாளி, தலைச்சோலை.
அவருக்குக் கீழே, மருத்துவமனைப் பணியாளர்களாகிய நாங்கள்.