பத்திரமாக இறங்கிய புத்தகங்கள்

கெட்டி அட்டைப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது முதுகின் தலைப்பக்கம் விரலை மாட்டி இழுக்கக் கூடாது. நிறையப் பேர் அப்படித்தான் இழுக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். நேற்று உங்கள் ஆட்கள் என் புத்தகங்களை வண்டியில் ஏற்றியபோது இதைத்தான் சொல்ல வந்தேன் மேடம். குரலை உயர்த்தியது தப்புதான்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவன். தனிக்கட்டை. எனக்கென்று இருந்த ஒரே ஆசை பழைய திகில் காமிக்ஸ். அப்பா காலத்தில் மட்டமான தாளில் அச்சடித்து, படித்த கையோடு தூக்கியெறிந்த கதைகள். கல்லறையிலிருந்து நீளும் கை, தலையில்லாத தையல்காரர், அந்த மாதிரி. அவற்றை இப்போது பழைய நிறம் மாறாமல், தடித்த தாளில், கறுப்புக் காலிகோத் துணி அட்டை போட்டு மறுபதிப்பு செய்கிறார்கள். வரிசையாக அடுக்கினால் முதுகுகள் எல்லாம் சேர்ந்து ஒரே படமாகும். நிலா வெளிச்சத்தில் ஒரு பாழடைந்த மாளிகை. ஒரு தொகுதி குறைந்தாலும் மாளிகையில் ஓட்டை விழும். ஒரு தடவைதான் அச்சடிப்பார்கள். விட்டால் விட்டதுதான்.

தம்பி பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். தொடை வரை மாவுக்கட்டு. பார்த்துக்கொள்ள வேறு யாருமில்லை. பின்பக்கத்து அறையைக் கொடுத்தேன். வேளாவேளைக்குச் சாப்பாடு, குளிக்க வெந்நீர், எதிலும் குறை வைக்கவில்லை. நல்ல பிள்ளை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

“பேய்க்கெல்லாம் கவர் போட்டு வச்சிருக்கியே அண்ணா, எனக்கு ஒரு போர்வை போத்தி விட்டியா?” என்பான்.

நானும் சிரிப்பேன். கேட்டால் படிக்கக்கூடக் கொடுப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து பக்கங்களை நானே புரட்டுவேன். அது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது ஊன்றுகோலோடு கூடத்துக்கு வந்து, ஒரு தொகுதியை எடுத்துப் படித்து, விரித்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான். தையல் விட்டு, முதுகில் மடிப்பு விழுந்துவிட்டது.

“புக்குதானே அண்ணா. ஆளா செத்துப் போயிட்டாங்க?”

அவன் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டேன், அவ்வளவுதான். நான் வெளியே போகிற நேரத்துக்கு மட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருந்தேன். அவன் அறையிலிருந்து கருகல் வாடை வந்தது. சிகரெட்டும் கையுமாகக் கண்ணயர்ந்திருக்கிறான். கதவைத் திறந்தேன். திரைச்சீலையும் மெத்தையின் ஓரமும் எரிந்துகொண்டிருந்தன. அவன் தரையில் விழுந்து, மாவுக்கட்டை இழுத்துக்கொண்டு கதவை நோக்கித் தவழ்ந்து வந்தான். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினான்.

புகை கூடத்துக்குள் வர ஆரம்பித்தது. தாளில் புகை ஏறினால் பிறகு போகவே போகாது மேடம். தீப்பிடித்த அறையின் கதவைச் சாத்திவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். சாத்தினேன். பழக்கத்தில் தாழ்ப்பாளையும் போட்டேன். ஒரு துண்டை நனைத்து, கதவின் அடியில் சந்து இல்லாமல் செருகினேன்.

“அண்ணா, கதவத் தெற.”

“இருடா, வந்துடறேன்.”

அது பொய்யில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு மாடி இறங்க வேண்டும். ஒரு நடைக்கு ஆறேழு தொகுதிகள்தான் தூக்க முடியும். அதற்கு மேல் அணைத்துப் பிடித்தால் மூலை நசுங்கும். ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு தடவை, “இனிமே உன் புக்கத் தொடவே மாட்டேன் அண்ணா” என்றான். இருமலில் வார்த்தை சரியாக வரவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

கீழே வாசலில் முதல் மாடி அக்கா நின்றிருந்தார். அவர் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் படியில் ஏறத் தயாராக இருந்தார்கள்.

“மேல யாராச்சும் இருக்காங்களா? உங்க தம்பி எங்க?”

இவர்கள் ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்தால் கூடம் என்ன கதியாகும் என்று யோசித்தேன். அலமாரியின் கடைசி இரண்டு தட்டுகள் இன்னும் மேலே இருந்தன.

“யாரும் இல்லக்கா. அவன ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்துட்டேன். சாமான் மட்டும் கொஞ்சம் இருக்கு.”

அவர்கள் நின்றுவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள். அதற்குள் புத்தகங்கள் எல்லாம் கீழே வந்துவிட்டன. ஆனால் சொன்னதை மாற்றிச் சொன்னால் அந்த அக்கா என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அவர்களிடமும் அதையே சொன்னேன்.

ஆகவே நான்தான் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். அவன் பயந்துபோய்ச் செத்தான் என்று மட்டும் எழுத வேண்டாம் மேடம். கடைசித் தட்டை எடுக்க நான் மேலே போனபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வருகிறேன் என்று நான் சொன்னதை நம்பி, அமைதியாகக் காத்துக்கொண்டிருந்தான்.