சரிபார்த்தவர் என்ற கட்டம்

வன்னி. ஆமிக்காரன் ஷெல் குத்துகிறான். சத்தம் தெற்கிலிருந்து. எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. புறப்படும் சத்தத்திலிருந்து விழுவதற்குப் பதினொன்று. அதற்குள் படுக்க வேண்டும். "படுங்கோ! எல்லாரும் விழுந்து படுங்கோ!" கத்துவது தம்பி. ஏழு. எட்டு. மகள் கயலை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு மணலில் விழுகிறேன். மனைவி சாந்தி தண்ணீர்க் கானோடு நாலு அடி பின்னால். மகன் அவள் கையைப் பிடித்திருக்கிறான். பதினொன்று.

வெள்ளிக்கிழமை. காலை ஏழே கால். கைக்கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புழுதி அடங்கியது. எங்களில் மூன்று பேர் இல்லை. குழி வெட்ட நேரமில்லை. மண்வெட்டியும் இல்லை. ஷெல் வெட்டிய குழியிலேயே மூவரையும் வைத்தேன். கையால் மண் தள்ளினேன். அந்தக் குழியின் வடிவம் என் கைக்கு மனப்பாடம். ஒரு பக்கம் செங்குத்து. மறுபக்கம் சரிவு. சுற்றிவர நிலத்தில் கீறல்கள், ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் படம் வரைந்தவன். பிணத்தைப் புதைக்கும்போதும் கண் அளந்துகொண்டே இருந்தது. கேடுகெட்ட தொழில்.

அரசாங்க மேலிடத்திலிருந்து பிறகு ஒரு வசனம் வந்தது: எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஷெல்லும் போகவில்லை. வாசிப்பவர்கள் இதை ஞாபகம் வைத்திருங்கள்.

சிட்னி. பரமட்டாவில் பாலங்களும் குழாய்களும் வடிவமைக்கும் ஓர் அலுவலகம். தற்காலிக விசாவில் படம் வரைகிறேன். பக்கத்துக் காணியில் அத்திவாரத் தூண் இறக்குகிறார்கள். தொம். மேசைக்குக் கீழே இருக்கிறேன். எப்போது போனேன், தெரியாது. எதிர் மேசைக்குக் கீழே எங்கள் தலைமைப் பொறியாளர் ஹிவா. குர்திஷ்காரன். கோட்டும் டையும் கட்டிய மனிதன் தரையில் குந்தியிருக்கிறான். உதடு அசைகிறது. அவனும் எண்ணுகிறான், தன் மொழியில்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். என் புட்டைத் தன் ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டுவான். பார்க்கச் சகிக்காது.

என் அகதி வழக்கில் கேட்டார்கள். ஷெல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, என்ன ஆதாரம்? ஒரு மதியச் சாப்பாட்டில் ஹிவா ஒரு தாளை என் முன்னால் வைத்தான். குழி பொய் சொல்லாது, வரைந்து காட்டு என்றான். கீறல்களை வைத்து வந்த திசையைப் பிடிக்கும் முறையை அவன்தான் சொல்லித்தந்தான். தன் ஊர்க் குழிகளில் படித்தது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் இரண்டு கட்டங்கள். வரைந்தவர். சரிபார்த்தவர். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு படமும் வெளியே போகாது. முதலாவதில் நான். இரண்டாவதில் ஹிவா, பொறியாளர் முத்திரையோடு. விசாரணை நாளில் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் இருந்தான்.

கோடு தெற்கே ஆமி நின்ற பக்கம் போனது. எனக்கும் கயலுக்கும் விசா கிடைத்தது அந்தப் படத்தால். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு அவனே கார் ஓட்டிக்கொண்டு போனான். தேங்காய் உடைக்கத் தெரியாமல் சேர்ட்டெல்லாம் நனைத்தான்.

பிறகு நாடு திரும்பினான். முதலில் உடைந்த பாலங்களைத் திருத்தினான். பிறகு தேர்தல். பிறகு கட்சித் தலைமை. இப்போது அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். சிறுபான்மையில் பிறந்தவன் முழு நாட்டுக்கும் அமைச்சராவது லேசுப்பட்ட காரியமா? நாங்கள் இருக்கும் டூங்கபியில் கண்டவர்களையெல்லாம் மறித்து மறித்துச் சொன்னேன், எங்கட ஹிவா என்று. பெருமை தலைக்கு ஏறியிருந்தது.

இந்த வருடம், ஒரு செவ்வாய். பின்னேரம் நாலரை. கயல் இப்போது வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் தாதி. வேலை உடுப்போடு வந்தாள். கூட வேலை செய்யும் நஸ்ரினும் வந்தாள். ஹிவாவின் நாட்டுக்காரி. மலையடிவார ஊர். தன் போனை நீட்டினாள். அவள் தகப்பன் வீட்டு முற்றத்தில் ஒரு குழி. வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. பக்கத்தில் யாரோ அளவுநாடாவும் திசைகாட்டியும் வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் செங்குத்து. மறுபக்கம் சரிவு. குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அப்பா, நஸ்ரின் ஆக்கள் கேஸ் போடப் போகினம். டிராயிங் வேணுமாம். நீங்கள் செய்வீங்கள் எண்டு சொல்லிட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனி?"

"ஹிவா மாமா டிவியில சொன்னதைப் பாத்தனீங்கள்தானே. வன்னியில எங்களுக்குச் சொன்ன அதே வசனம், அப்பா."

பார்த்திருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு ஷெல்லும் போகவில்லை. அன்று புட்டு வாயில் இருக்க, குழி பொய் சொல்லாது என்ற அதே குரல்.

இரண்டு பின்னேரம் வரைந்தேன். ஷெல் வந்த திசைக் கோடு மலைமேல் இருக்கும் இராணுவ முகாமில் போய் முட்டியது. வடக்கைக் காட்டும் அம்பைக் கொஞ்சம் திருப்பினால் போதும், கோடு வெறும் காட்டுக்குள் போய்விடும். திருப்பினேன். ஓம், திருப்பினேன். சாட்சி சொல்ல வந்தவன் இதையும் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் அப்படியே இருந்தது. இந்த நாட்டில் எனக்கு வாழ்வு தந்தவன் அவன். பிறகு என் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சாந்தி கிடக்கும் குழிக்கும் ஒரு வடக்கு உண்டு. அழித்துவிட்டுச் சரியாக வரைந்தேன்.

சரிபார்த்தவர் கட்டம் வெறுமையாக இருந்தது. குழியில் திசை பிடிக்கும் முறை தெரிந்த வேறு ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஹிவா பழைய நம்பரை மாற்றவில்லை. படத்தை அனுப்பினேன். கீழே ஒரு வரி: பிழை இருந்தால் சொல்.

வியாழன். காலை எட்டு பத்து. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலச் சரிக்குறிகள். பார்த்துவிட்டான். எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. நின்றது. போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினேன், பழைய பழக்கம். பதினொன்று தாண்டியது. ஆயிரம் தாண்டியது.

மூன்று நாள் பொறுத்தேன். பிழை இருந்திருந்தால் சொல்லியிருப்பான். ஒரு மில்லிமீட்டருக்கும் என்னோடு சண்டை பிடித்தவன். வரைந்தவர் கட்டத்தில் கையெழுத்து வைத்தேன். மற்றதை வெறுமையாகவே விட்டு, நஸ்ரினிடம் கொடுத்தேன். அவள் தாளை வாங்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது.

இழந்ததை எழுதுகிறேன்.

வன்னி மணலில் ஒரு குழி. சாந்தி. மகன் அகிலன், ஆறு வயது. தம்பி ரவி. ஒரு தண்ணீர்க் கான்.

மலையடிவாரத்தில் ஒரு குழி. நஸ்ரினின் தகப்பன். தாய். தங்கைகள் இருவர். ஒரு மாதுளை மரம்.

ஏழு பேர். எட்டாவதாக ஒரு பெயர். அவன் உயிரோடு இருக்கிறான். எழுதுவதா விடுவதா என்று பேனை கனநேரம் நின்றது. எழுதினேன். ஹிவா.