கண்ணுக்கு மூச்சு முட்டுதாம்

“கண்ணுக்கு மூச்சு முட்டுதாங்க.”

கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெண் சொன்னாள். கள்ளக்குறிச்சியில் கண் டாக்டரைப் பார்த்துப் புதுக் கண்ணாடி வாங்கி வந்திருந்தாள். அவள் கணவர் மடியில் உரக்கடைப் பை இருந்தது.

“கண்ணுக்கா?”

“பத்து வருசமா லென்ஸ் போட்டுக்கினே தூங்கிட்டேன். கருவிழிக்குக் காத்து பத்தாம ரத்தக்குழா ஏறிக்கினு வருதாம். பார்வைக்கு ஒண்ணுமில்ல. இனிமே கண்ணாடிதானாம்.”

“தூங்கறப்பவுமா?”

“கழட்டினா நீங்க பாத்துடுவீங்களே. பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வூட்ல கண்ணாடிய ஒளிச்சி வெச்சிட்டுதான் லென்ஸ் போட்டுவுட்டாங்க.”

“உங்கண்ணன் மறுவூட்டு விருந்துலயே சொல்லிட்டாரு.”

“அத்தைக்கும் தெரியுமா?”

“அம்மாவும் பக்கத்துலதான் உக்காந்துகினு இருந்துச்சி.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?”

“சங்கடப்படுவியேன்னு வுட்டேன். நீ தூங்கறப்பவும் போட்டுக்கினு இருப்பன்னு எனக்கு இன்னா தெரியும்?”

அவள் புதுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“அத்தைகிட்ட இன்னாங்க சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாத, அப்படியே போய் நில்லு. பத்து வருசமா தெரியாத மாதிரியே இருந்துச்சி. இன்னிக்காவது ஆச்சரியப்பட்டுக்கட்டும்.”